துணியை மடிக்காமல் வெட்டுதல்

ரவிக்கை தைக்கக் கற்றுக்கொள்ளும் எவருக்கும் முதல் நாளில் சொல்லித் தரப்படுவது துணியை நீளவாக்கில் இரண்டாக மடிப்பதுதான். மடித்த துணியின் மேல், பாதி உடலுக்கு மட்டும் கோடு வரைந்து வெட்டினால் போதும். பிரித்ததும் முழு முன்பாகமும் கையில் இருக்கும். இடத் தோளும் வலத் தோளும் ஒன்றுக்கொன்று நகல் என்ற எண்ணம் அந்த மடிப்புக்குள் இருக்கிறது. அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குத் தென்மேற்கே சாட்ஸ்வொர்த்தில் 26 ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்துவருகிறேன். எனக்கென்று ஒரு ரவிக்கை வெட்டும்போது மட்டும் அந்த மடிப்பு பயன்பட்டதே இல்லை. இடப்பக்கக் கழுத்தில் தொடங்கி, தோளைக் கடந்து, முழங்கைக்குச் சற்று மேல்வரை எனக்கு வெந்நீர்த் தழும்பு இருக்கிறது. இறுகிப்போன தோல் இடத் தோளை முக்கால் அங்குலம் மேலே இழுத்துப் பிடித்திருப்பதால், மடித்து வெட்டிய எந்த உடையும் என் மேல் கோணலாகத்தான் உட்காரும்.

தழும்புள்ளவர்களின் மனத்துணிவைப் பற்றி இப்போது நிறைய எழுதப்படுகிறது. துணியைப் பற்றி எழுதப்படுவது குறைவு. துணிவு வேண்டும் என்று சொல்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தழும்போடு வாழ்பவர் ஒவ்வொரு காலையும் அலமாரியைத் திறந்து எதையாவது ஒன்றை எடுத்து அணிந்தாக வேண்டும், அந்த உடை அவரை மனத்தில் வைத்து வெட்டப்படவே இல்லை என்பதிலிருந்து நான் தொடங்க விரும்புகிறேன்.

அது 1980. எனக்கு ஐந்து வயது. எங்கள் நகராட்சி வீட்டில் மின்சாரம் இருந்தது. என்றாலும் கட்டணத்துக்கு அஞ்சி, குளிக்கும் நீரைப் பின்கட்டில் பிரைமஸ் என்ற மண்ணெண்ணெய் அடுப்பில் வைத்துக் காய்ச்சுவார்கள். அம்மா பானையை இறக்கித் திரும்பியபோது நான் அவர் காலருகில் நின்றிருந்தேன். அவ்வளவுதான் நடந்தது. தென்னாப்பிரிக்காவில் சிறு குழந்தைகளுக்கு நேரும் தீக்காயங்களில் பெரும்பகுதி இப்படிச் சுடுநீராலும் தேநீராலும் சூப்பாலும் நேர்பவைதான். ஏழைக் குடியிருப்புகளில் மண்ணெண்ணெய் அடுப்பு கவிழ்ந்தும் வெடித்தும் நேர்பவை தனி.

ஆழமாக வெந்த இடத்தில் தோல் தானாக மூடிக்கொள்ளாது. தொடையிலிருந்து மெல்லிய தோலைச் சீவி எடுத்து, அதிகப் பரப்பை மூடுவதற்காக அதில் சிறு கீறல்களிட்டு, வலையைப் போல் விரித்துப் பதிப்பார்கள். அந்த வலையின் கண்கள் ஆயுள் முழுவதும் தெரியும். என் மேற்கையில் இன்றும் அவற்றை எண்ணலாம். தழும்பு முதிர்ந்து நிறம் தணிவதற்கு ஓராண்டு முதல் ஈராண்டு வரை ஆகும். குழந்தையின் உடல் வளரும் வேகத்துக்குத் தழும்பு வளராது என்பதால் அது இழுக்கத் தொடங்கும். என் கழுத்தின் இறுக்கத்தை விடுவிக்க 11 வயதில் மீண்டும் அறுவை செய்ய வேண்டியிருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் உடைக்கு அதுதான் முக்கியம். அப்படிப் பதித்த தோலில் வியர்வைச் சுரப்பிகள் இல்லை. பிப்ரவரி மாதத்து டர்பன் புழுக்கத்தில் உடலின் மற்ற பகுதிகள் இரட்டிப்பாக வியர்க்கும்போது இந்த இடம் மட்டும் காய்ந்து, சூடேறி, அரிக்கும். அதன் மேல் நைலானோ பாலியெஸ்டரோ பட்டால் மாலைக்குள் கை தன்னையறியாமல் அதைச் சொறிந்துகொண்டிருக்கும்.

அம்மா ஆடைத் தொழிற்சாலையில் மெஷினிஸ்ட்டாக இருந்தார். அந்நாளில் டர்பனின் ஆடைத் தொழிற்சாலைகள் எங்கள் இந்திய வம்சாவளிச் சமூகத்துப் பெண்களின் உழைப்பால் ஓடின. விடியுமுன் பேருந்து நிறுத்தத்தில் டிபன் பெட்டியோடு வரிசையாக நிற்கும் அக்காமார்களின் உருவம் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்த எவருக்கும் நினைவிருக்கும். அங்கே ஒருவர் முழுச் சட்டை தைப்பதில்லை. கை தைப்பவர் கை மட்டும், பை தைப்பவர் பை மட்டும். அம்மா காலர் தைக்கும் வரிசையில் இருந்தார். நாளெல்லாம் காலர் தைத்துவிட்டு மாலையில் வீட்டுக்கு வந்து எனக்கும் காலர் தைப்பார். என் பள்ளி உடை, பண்டிகைக்கு அணிந்த பஞ்சாபி (சல்வார் கமீஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்), ஞாயிற்றுக்கிழமை உடுத்தும் பூப்போட்ட கவுன் எல்லாவற்றுக்கும் தாடை வரை உயர்ந்த காலரும் முழங்கை தாண்டிய கையும் இருந்தன. ஒருநாளும் அவர் அதற்குக் காரணம் சொன்னதில்லை; நானும் கேட்டதில்லை. அந்தக் காலர்களை என் கூச்சத்துக்காகத் தைக்கவில்லை, தம் கையிலிருந்து நழுவிய பானைக்காகத் தைத்தார் என்று விளங்கிக்கொள்ள எனக்கு நாற்பது வயதாகிவிட்டது. என் கழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவர் அந்தப் பின்கட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறார்.

புடவை உடுத்தும் வயது வந்தபோது அம்மாவுக்கு ஓர் ஆறுதல் கிடைத்தது. முந்தானை விழுவது இடத் தோளில். என் தழும்பும் இடப்பக்கம். "சாமி பக்கம் பாத்துக் குடுத்திருக்கு" என்று அவர் பெரியம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். வலப்பக்கம் வெந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு வெகு நேரம் யோசித்தேன். இடமாக இருந்தும் பட்டுப்புடவை எனக்குச் சுலபமாக அமையவில்லை. சரிகை கனத்த முந்தானையின் முழு எடையும் பதித்த தோலின் மேல் இறங்கும். மடிப்பு நழுவாமல் குத்தும் ஊக்கின் முனை உணர்ச்சி மழுங்கிய இடத்தில் தோலைக் கிழித்தாலும் எனக்குத் தெரியாது. இரண்டு முறை ரத்தக்கறை பட்ட பிறகே ரவிக்கைத் தோளில் மெல்லிய பருத்தி அட்டையைத் தைத்து, ஊக்கு அதைத் தாண்டாதபடி செய்துகொண்டேன். இன்று என்னிடம் வரும் பலருக்கும் அதையே செய்து தருகிறேன்.

இந்த நாட்டில் பள்ளி முடிக்கும் ஆண்டில் மெட்ரிக் டான்ஸ் என்று ஒன்று உண்டு. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு அதன் கனம் தெரிந்திருக்காது. பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள் வாழ்வில் முதன்முதலாகப் பெரியவர்களைப் போல் உடுத்திக்கொண்டு ஓர் இரவு விருந்துக்குப் போவார்கள். அந்த ஒரு உடைக்காகக் குடும்பங்கள் ஆண்டு முழுவதும் பணம் சேர்க்கும். 1992இல் எனக்கு அந்த இரவு வந்தது. அம்மாவுக்குத் தெரியாமல், ஒன்றுவிட்ட அக்காளைக் கூட்டிக்கொண்டு நகரத்தில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். விற்பனைப் பெண் என்னைக் கழுத்திலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, நான் கேட்ட உடையை எடுக்கப் போகாமல், ஒரு சால்வையை எடுத்து வந்தார். மனத்தில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை அவருக்கு. முகத்தில் இரக்கமே இருந்தது. அந்தச் சால்வையைக் கையில் வாங்கிக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் போனேன். மூன்று பக்கமும் கண்ணாடி, தலைக்கு மேலே வெள்ளை விளக்கு. தழும்பின் ஒவ்வொரு மேட்டுக்கும் நிழல் விழும்படி அமைந்த வெளிச்சம் அது. எதையும் போட்டுப் பார்க்காமல் வெளியே வந்தேன். அம்மா தைத்துக் கொடுத்த, தாடை வரை லேஸ் வைத்த நீல உடையிலேயே விருந்துக்குப் போனேன். அந்த உடையின் தையல் வேலைப்பாடு இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது. அதை அணிந்திருந்த இரவில் நான் கழுத்தைத் திருப்பியதாக நினைவில்லை.

என் தமிழ் வீட்டிலும் கோயில் வகுப்பிலும் கிடைத்தது. அங்கே தேவாரம் கற்றுத் தந்த ஐயா ஒருநாள் சிவனுடைய கழுத்தைக் குறிக்கும் சொற்களைப் பலகையில் எழுதினார். நஞ்சுண்டதால் கறுத்த கழுத்துக்கு அடியார்கள் இட்ட பெயர்கள் அவை. கறைமிடறு என்று ஒன்று; அதன் அருகிலேயே மணிமிடறு என்று மற்றொன்று. ஒரே கழுத்து, ஒரே அடையாளம். கறை என்று அழைத்தவர்கள் அதை மறைக்கச் சொல்லவில்லை. மணி என்று அழைத்தவர்கள் அது கறை என்பதை மறுக்கவும் இல்லை. பதினான்கு வயதில், உயர்ந்த காலருக்குள் வியர்த்தபடி உட்கார்ந்திருந்த எனக்கு அந்த இரண்டு சொற்களும் என்ன செய்தன என்பதை ஐயாவிடம் சொல்லும் துணிவு அன்று இல்லை. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

நம் மொழி தழும்பிடம் கருணையோடு நடந்துகொண்ட இடங்கள் இன்னும் உண்டு. அம்மை கண்டவர் உடலில் எழும் கொப்புளத்தை நம் முன்னோர் முத்து என்றார்கள். முத்து இறங்கிவிட்டது என்றால் நோய் தணிந்துவிட்டது என்று பொருள். முகமெல்லாம் குழிவிழுந்து எழுந்தவரை மாரியம்மன் தொட்டு விட்டுச் சென்றவராகக் கருதினார்கள். உலகச் சுகாதார நிறுவனம் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தது நான் வெந்த அதே 1980இல்தான். நோய் போய்விட்டது, ஆனால் டர்பனை அடுத்த மவுண்ட் எட்ஜ்கோம்பிலும் இசிபிங்கோவிலும் மாரியம்மன் கோயில்களில் இன்றும் கூட்டம் கூடுகிறது, ஆடி மாதத்தில் கூழ் காய்ச்சுகிறார்கள், அவளுடைய முத்துகளின் நினைவு எங்களிடம் இருக்கிறது. தைப்பூசக் காவடியன்று நாவில் வேல் தரித்தும், முதுகில் கொக்கிகளோடு தேர் இழுத்தும் வருகிறவர்களின் வெற்றுடம்பைப் பார்த்து மக்கள் கைகூப்புவார்கள். அதே கூட்டத்தில் நின்றிருந்த என் கழுத்திலிருந்து துப்பட்டா நழுவியபோது, பக்கத்திலிருந்த பெண்மணி "ஐயோ பாவம்" என்று சொல்லி, அதைத் தாமே எடுத்து என் தோளில் போர்த்திவிட்டார். விரும்பி ஏற்ற காயத்துக்கு வணக்கமும் விரும்பாமல் வந்த காயத்துக்குத் துப்பட்டாவும் ஏன் என்று அன்று முதல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்காக அங்க அடையாளம் இரண்டு சொல்லச் சொல்வார்கள் என்று அங்குள்ள உறவினர் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு அந்த வழக்கம் அதைவிடப் பழைய இடத்திலிருந்து வருகிறது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டாலுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உயரம் என்று பதிவேட்டில் எழுதப்பட்டது. உடல் அடையாளங்களுக்கும் அதில் ஓர் இடம் இருந்தது. வெளிநாட்டு இந்தியக் குடிமக்களுக்கான ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பிப்பதற்காக இங்குள்ள பல குடும்பங்கள் இன்று அந்தப் பதிவேட்டைத் தேடிப் போகின்றன. நாங்களும் போனோம். என் கொள்ளுப்பாட்டியின் வரியில் அவர் பெயர் தவறான எழுத்துகளில் இருந்தது. ஊர்ப் பெயர் வாசிக்க முடியாதபடி இருந்தது. அடையாளம் மட்டும் தெளிவாக இருந்தது: இடது முன்னங்கையில் தழும்பு.

அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். அவருக்குப் புகைப்படம் கிடையாது. அவர் முகம் எங்கள் எவருக்கும் தெரியாது. அடுப்படியில் சுட்டதா, வயலில் அரிவாள் பட்டதா, யாராவது அடித்ததா, அதுவும் தெரியாது. அதை எழுதிய எழுத்தருக்குத் தேவைப்பட்டது ஒன்றே: ஆள் மாறாமல் இருக்க ஒரு குறி. ஆனால் அந்த எழுத்தர் மையில் தொட்டு எழுதிய அந்தச் சொற்களால்தான், நூற்றாண்டுக்கும் மேலான தூரத்தில், அவருடைய உடலில் ஓர் இடத்தையாவது நான் அறிகிறேன். என் தழும்பும் இடப்பக்கம்தான் என்பதை அம்மாவிடம் சொன்னேன். அவர் பதிவேட்டின் நகலை மடித்து, சாமி அறையில் வைத்தார்.

உடை உலகம் தழும்பை எப்படிப் பார்த்தது என்பதற்கு வருகிறேன். சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்மா லட்சுமி தம் 14 வயதில், 1984இல், கோயிலுக்குப் போய்த் திரும்பும் வழியில் கார் விபத்தில் சிக்கினார். அவர் வலக்கையில் முழங்கைக்கும் தோளுக்கும் இடையே 7 அங்குல நீளத்தில் தழும்பு விழுந்தது. மாடலிங் தொழிலுக்கு வந்த தொடக்கத்தில் தடையாக இருந்த அதே தழும்பு, புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஹெல்முட் நியூட்டன் அவரைப் படமெடுத்த பிறகு, அவருடைய தனி அடையாளமாகவே ஆனது. கையில்லாத உடையில் ஒரு தமிழ்ப் பெண்ணின் தழும்பைப் பத்திரிகையில் முதலில் பார்த்த நாள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அமிலத் தாக்குதலில் ஒரு கண்ணை இழந்த ரேஷ்மா குரேஷி 2016 செப்டம்பரில் நியூயார்க் ஃபேஷன் வாரத்தில் வடிவமைப்பாளர் அர்ச்சனா கோச்சரின் உடையணிந்து மேடையில் நடந்தார். அமிலத் தாக்குதலுக்கு உள்ளானவர்களை மாற்றுத்திறனாளிகளாக ஏற்கும் சட்டத்தை இந்தியா நிறைவேற்றியதும் அதே ஆண்டில்தான். 18 வயதில் கார் தீப்பற்றியதில் முகம் வெந்த ஜேம்ஸ் பார்ட்ரிட்ஜ் 1992இல் பிரிட்டனில் சேஞ்சிங் ஃபேசஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். திரைப்படங்களில் வில்லனுக்கு மட்டும் முகத்தழும்பு வைக்கும் வழக்கத்தை எதிர்த்து அந்த அமைப்பு குரல் கொடுத்தபோது, அத்தகைய படங்களுக்கு இனி நிதி தருவதில்லை என்று பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 2018இல் அறிவித்தது. கன்னத்தில் வெட்டுத் தழும்போடு வரும் முரடனைப் பார்த்து வளர்ந்த நம் தமிழ்த் திரைக்கும் இந்தக் கேள்வி வர வேண்டும்.

இவை எல்லாமே எனக்கு மகிழ்ச்சி தந்தவை. ஆனாலும் ஒரு தையற்காரியாக என் மனத்தில் ஒன்று உறுத்துகிறது. மேடையில் நடப்பவர் அணியும் உடை அவருடைய உடலில் வைத்துப் பார்த்துச் சரிசெய்யப்படுகிறது. கடையில் தொங்கும் உடைக்கு அந்த நாள் வருவதே இல்லை. தழும்புள்ள பெண் விளம்பரப் பலகையில் சிரிக்கிறார்; பலகைக்குக் கீழே விற்கப்படும் உடையின் தோள் தையல் மட்டும் பழைய இடத்திலேயே, பழைய தடிப்போடு, கழுத்தின் பின்னால் சொரசொரப்பான பெயர்ச்சீட்டோடு இருக்கிறது. ஏற்றுக்கொள்ளப்படும் தழும்புகளிலும் ஒரு தேர்வு நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒரு கோடாக ஓடும் வெட்டுத்தழும்பு படத்தில் எளிதாக இடம்பெற்றுவிடுகிறது. மேடும் பள்ளமுமாகப் பரந்த தீத்தழும்பும், காதுமடலில் உருண்டையாகத் தொங்கும் கீலாய்டும் இன்னும் வெளியேதான் நிற்கின்றன.

கீலாய்டு எங்களுக்குத் தூரத்து நோய் அல்ல. காயத்தின் எல்லையையும் தாண்டி வளர்ந்துகொண்டே போகும் தழும்பு அது. நிறம் ஆழ்ந்த தோலில் அதிகம் வரும். காதுமடல், நெஞ்சு, தோள் ஆகிய இடங்களில் கூடுதலாக வரும். காது குத்துவதைச் சடங்காக வைத்திருக்கும் நம் வீடுகளில் எத்தனையோ பெண்கள் அந்த உருண்டையை முடியால் மூடிக்கொண்டு திரிகிறார்கள். வெட்டியெடுத்தால் மட்டும் போதாது, பெரும்பாலும் மீண்டும் வளரும். அழுத்தம், ஊசி மருந்து, சிலிகான் தகடு என்று கூடவே வேறு சிகிச்சையும் வேண்டும். என்னிடம் வரும் ஸூலுப் பெண்களும் தமிழ்ப் பெண்களும் அளவு கொடுக்கும் நேரத்தில் ஒருவர் நெஞ்சிலிருப்பதை மற்றவருக்குக் காட்டிப் பேசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். இந்த நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு வலது மேற்கையில் காசநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். அந்த வட்டத் தழும்பை யாரும் மறைப்பதில்லை. எல்லோருக்கும் இருப்பது அடையாளமாகவே எண்ணப்படுவதில்லை.

சரி, என்ன செய்யலாம்? முதலில், துணியைப் பிரித்து விரித்து, இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனியாக அளவெடுத்து வெட்டலாம். அதற்கு அரை மணி நேரம் கூடுதலாகும், கொஞ்சம் துணி கூடுதலாகும். தழும்பின் மேட்டில் தோள் தையல் உட்காருமானால், தோள் கோட்டை ஓர் அங்குலம் முன்னால் நகர்த்திவிடலாம். வெளியே பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது. கை இணையும் வளையம் உறுத்தினால், கழுத்திலிருந்தே கை இறங்கும் ராக்லன் வெட்டு அந்த வளையத்தையே இல்லாமல் செய்துவிடும். ஓவர்லாக் போட்ட பிசிறு தோலில் படாமல் தையலைப் படிய மடித்து அடிக்கலாம், அல்லது உள்தையலை வெளிப்பக்கமாகத் திருப்பி, அதன்மேல் பைப்பிங் வைத்து அலங்காரமாக்கலாம். சரிகைக்கும் லேசுக்கும் அடியில் மல் துணியில் லைனிங் கொடுக்கலாம். கை உயர்த்த முடியாதவருக்குப் பின்பக்க ஜிப் எதற்கு? பக்கவாட்டிலோ முன்னாலோ திறப்பு வைத்தால் அவர் யார் உதவியுமின்றித் தாமே உடுத்திக்கொள்வார். பிறர் கைபட உடுத்த வேண்டிய கட்டாயம் எத்தனை பேரைக் கடைப்பக்கமே வரவிடாமல் செய்கிறது என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. பெரிய ஆடை நிறுவனங்களின் வடிவமைப்பாளர்களுக்கு இவை அனைத்தும் தெரியும். 1994க்குப் பிறகு இறக்குமதித் தடைகள் தளர்ந்து, மலிவான துணிகள் வந்து குவிந்து, டர்பன் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, இவற்றையெல்லாம் கையால் அறிந்திருந்த பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள் என்பது எனக்கு ஆறாத வருத்தம். என் அம்மாவும் அவர்களில் ஒருவர்.

நான் செய்த தவறு ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் நாற்பதாவது பிறந்தநாளுக்கு உடை தைக்க வந்தார். எண்ணெய் கொட்டி இரண்டு கைகளும் வெந்தவர். நீண்ட கை வேண்டும் என்றார். நான் அவரிடம் நெடுநேரம் பேசினேன். என் கழுத்தைக் காட்டினேன். மறைக்க வேண்டிய அவசியமே இல்லை என்றேன். என்னை வருத்தப்படுத்த விரும்பாமல் அவர் கையில்லாத உடைக்குச் சம்மதித்தார். விழாவுக்கு என்னையும் அழைத்திருந்தார். டிசம்பர் மாதத்து வெக்கையில், இரவு முழுவதும், அவர் ஒரு கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தம் பிறந்தநாளில் உட்கார்ந்திருந்தார். நான் 1992இல் கையில் வாங்கிய சால்வையை அவருக்கு நானே வேறு வழியாகக் கொடுத்திருக்கிறேன் என்று உணர்ந்தபோது எனக்கு உணவு இறங்கவில்லை. காட்டு என்று கட்டளையிடுவதும் மூடு என்று கட்டளையிடுவதும் உடலை அதன் உரியவரிடமிருந்து பறிப்பதில் ஒன்றேதான். மறுநாள் அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன்; மெல்லிய பருத்தியில், மணிக்கட்டு வரை கைவைத்து, இன்னொன்று தைத்துக் கொடுத்தேன். அதை அவர் அடிக்கடி அணிகிறார். அன்று முதல் அளவெடுக்கும்போது நான் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. எதை மறைக்க வேண்டும் என்று கேட்பதில்லை, எதைக் காட்டப்போகிறீர்கள் என்றும் கேட்பதில்லை. எங்கே உறுத்துகிறது என்று கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் மற்றவை தானாக வந்துவிடுகின்றன.

சென்ற ஆண்டு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவள் பாட்டி அழைத்து வந்தார். மார்பிலும் கையிலும் தீக்காயம். தழும்பு தடிக்காமல் இருக்க அழுத்த அங்கி அணிவித்திருந்தார்கள். நாளில் 23 மணி நேரம் அதைப் போட்டிருக்க வேண்டும், குளிக்கும்போது மட்டும் கழற்றலாம். பிள்ளை வளர வளரப் புது அளவெடுத்து மாற்ற வேண்டும். ஓராண்டோ அதற்கு மேலோ இப்படி நீளும். அவளுடைய அங்கி வெளிர் பழுப்பு நிறத்தில் இருந்தது. துணி வியாபாரத்தில் அந்த நிறத்தைத் தோல் நிறம் என்றே சொல்வார்கள். எங்கள் தெருவில் எவருடைய தோலும் அந்த நிறத்தில் இல்லை. "இது என் தோல் இல்ல ஆன்ட்டி" என்று அவள் முதல் வார்த்தையாகச் சொன்னாள். அங்கியை நான் தொடக்கூடாது. அதன் இறுக்கம் மருத்துவக் கணக்கு. அதன்மேல் அணிய, அவளுடைய நிறத்தோடு சேரும் பழுப்பில் ஒன்றும் அவள் கேட்ட ஊதா நிறத்தில் ஒன்றுமாக, காற்றுப் புகும் மெல்லிய பருத்தியில் இரண்டு மேற்கைகள் தைத்தேன். பள்ளிச் சட்டையை ஒரு அளவு பெரிதாக வெட்டி, முன்பட்டியை அகலமாக்கினேன். ஊதாக் கை சீருடை விதிக்குப் பொருந்தாது என்று பள்ளியில் முதலில் மறுத்தார்கள். சிகிச்சையாளரிடம் கடிதம் வாங்கி, பாட்டியோடு நானும் போய்ப் பேசினேன். ஏற்றுக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து அளவு மாற்ற வந்தபோது பழுப்புக் கை புதிதுபோல் இருந்தது; ஊதாக் கை வெளுத்திருந்தது.

அடுத்த மாதம் தம்பி மகனுக்குத் திருமணம். அதற்காக எனக்கு ஒரு பட்டு ரவிக்கை வெட்டினேன். மடிக்காத துணியில், இரண்டு பக்கமும் தனித்தனி அளவில், கழுத்தை மட்டும் பழைய பழக்கத்தால் எலும்புக்கு மேலேயே நிறுத்தி. அம்மாவுக்கு இப்போது 76 வயது. கைநடுக்கம் வந்துவிட்டாலும் என் ரவிக்கைகளுக்குக் கொக்கி வைப்பதை அவர் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. ரவிக்கையைப் போட்டு, பாட்டியின் அட்டிகையையும் கட்டிப் பார்க்கச் சொன்னார். கட்டினேன். நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, கண்ணாடிக்கும் எனக்கும் நடுவில் நின்று, வெகுநேரம் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு விரக்கடை எறக்கும்மா," என்றார். "அட்டிகை துணி மேல ஏறி நிக்குது. தோல் மேல படிஞ்சாதான் எடுப்பா இருக்கும்."

நான் சாக்கட்டியை எடுத்து, தழும்பின் நடுவில் ஓரிடத்தைத் தொட்டு, "இங்கயாம்மா?" என்று கேட்டேன். அங்கேதான் என்று தலையசைத்துவிட்டு, கோத்துத் தரும்படி ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினார்.